நான் இடித்துக் கொடுத்த பல்பொடி

ஐயா, முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. எந்த இடத்தில் எந்த ‘ற’ வரும் என்பது இன்றைக்கும் எனக்குத் தடுமாற்றம்தான். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். நேரில் யாரிடமும் உட்கார்ந்து சொல்ல எனக்கு வாய் வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. ஊர் விருத்தாசலம். ஆரம்பித்தது பொங்கலுக்கு மறுநாள்.

நான் ஒரு பீங்கான் கம்பெனியில் வேலை செய்கிறேன். எங்கள் கம்பெனியில் டீக்கப்பும் சாசரும் செய்கிறோம். அச்சிலிருந்து எடுத்த கப்பைக் காயவைத்து ஒரு முறை சூளையில் சுடுவார்கள். அப்படிச் சுட்டெடுத்த சாமானுக்கு எங்களிடம் பிஸ்கட் என்று பெயர். வெள்ளை வெளேரென்று, சொரசொரப்பாக இருக்கும். அதன் ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கிக் கொடுப்பது என் வேலை. அதற்குப் பிறகு கிளேஸ் என்கிற கண்ணாடிப் பூச்சைப் பூசி இரண்டாம் முறை சுடுவார்கள். அப்போதுதான் கப்புக்குப் பளபளப்பு வரும்.

கிளேஸ் பூசுகிற இடத்தில் ஓர் அண்ணன் வேலை செய்கிறார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். பேச்சுக்காரர். பல வருடங்களுக்கு முன்பு ஒரு நாள், அவர் டீ குடிக்கிற கிளாஸில் பிடித்திருந்த கறையைப் பிஸ்கட் தூளைத் தொட்டு இரண்டு தேய் தேய்த்தார். கறை போன இடம் தெரியவில்லை. எனக்கு அப்போது வெற்றிலை போடுகிற பழக்கம் இருந்தது. பல்லெல்லாம் காவி ஏறிக் கிடக்கும். கிளாஸுக்குப் போகிறது பல்லுக்குப் போகாதா என்று நினைத்தேன். கம்பெனிக்குப் பின்னால் உடைந்த பிஸ்கட் கப்புகள் குவியலாகக் கிடக்கும். அதில் இரண்டைக் கொண்டுபோய் இரும்பு உரலில் இடித்து, வேட்டித்துணியில் சலித்து, விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தேன். நாலே நாளில் பல் வெளுத்துவிட்டது. வெற்றிலையையும் விட்டேன்.

பிறகு அதில் கொஞ்சம் உப்பு, கொஞ்சம் கிராம்புத்தூள், ஒரு சிட்டிகை பச்சைக் கற்பூரம் சேர்த்தேன். வாசனைக்கு வாசனை ஆயிற்று. என் மனைவி தேய்க்க ஆரம்பித்தாள். அவள் பல்லைப் பார்த்துப் பக்கத்து வீட்டில் கேட்டார்கள். கிளேஸ் அண்ணனும் கேட்டார்.

“யோவ், ஒன் பொண்டாட்டி பல்லைப் பார்த்துட்டு வந்து எங்க வூட்ல ஒரே சண்டைய்யா. எனக்கும் ஒரு டப்பா குடு, வூட்ல நிம்மதியா இருக்கணும்.”

நான் நாலு பேர் கூடியிருக்கிற இடத்துக்குப் போகமாட்டேன். கல்யாண வீட்டில்கூடக் கடைசிப் பந்தியில் ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவேன். என்ன பேசுவது என்று தெரியாது. அப்படிப்பட்ட என்னை, பல்பொடி வந்த பிறகு ஜனங்கள் தெருவில் நிறுத்திப் பேசினார்கள். “பல்லு வைத்தியரே” என்று கூப்பிட்டார்கள். நான் யாரிடமும் காசு வாங்கியதில்லை. காலி மாத்திரை டப்பாக்களைச் சேர்த்துவைத்து, ஞாயிற்றுக்கிழமை இடித்து, நிரப்பி, நானே வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பேன். அந்தத் திங்கட்கிழமைகளில் கம்பெனிக்கு நடந்து போகும்போது என் நடையே வேறு மாதிரி இருக்கும். பதினாறு வருடம் இப்படிப் போயிற்று.

இப்போது பொங்கலுக்கு மறுநாளுக்கு வருகிறேன். வாசலில் உட்கார்ந்து என் மனைவி கரும்பைக் கடித்தாள். கடித்தவள் அப்படியே நிறுத்திவிட்டாள். கரும்பை வாயிலிருந்து எடுத்துப் பார்த்தாள். கடித்த இடத்தில் ரத்தம் இருந்தது.

“என்னாங்க, பல்லு ஆடுதுங்க.”

“எந்தப் பல்லு?”

“கீழ முன்பல்லு. ரெண்டும் ஆடுது.”

“வயசாவுதில்ல,” என்றேன்.

அவளுக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. அவள் அம்மாவுக்கு அறுபத்தைந்திலும் கடைவாய்ப் பல் இரண்டைத் தவிர எல்லாம் இருந்தது. அதை நான் யோசிக்கவில்லை. கொஞ்ச காலமாகவே அவள் குளிர்ந்த தண்ணீரை அண்ணாந்து குடிக்காமல், ஒரு பக்கமாக வாயில் ஊற்றிக்கொண்டிருந்தாள். முன்பல் நீண்டுகொண்டே வருவது போலவும் இருந்தது. வயதானால் பல் வளரும்போல என்று இருவரும் நினைத்துக்கொண்டோம். கூச்சம் அழுக்கினால் வருகிறது என்று நினைத்து, நன்றாக அழுத்தித் தேய்க்கச் சொல்லி நானே சொல்லியிருந்தேன்.

நாலு நாள் கழித்து, ஜங்ஷன் ரோட்டில் மாடியில் இருக்கிற ஒரு பல் டாக்டரம்மாவிடம் போனோம். முப்பது, முப்பத்தைந்து வயது இருக்கும். நிதானமாகப் பேசுகிறவர். என் மனைவியைச் சாய்கிற நாற்காலியில் உட்காரவைத்து, விளக்கை இழுத்து, குட்டிக் கண்ணாடியால் ரொம்ப நேரம் பார்த்தார். படம் எடுத்தார். அப்புறம் கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

“வெத்தலை பாக்கு போடுவீங்களாம்மா?”

“இல்லம்மா.”

“பொகையிலை?”

“ஐயோ, அதெல்லாம் கெடையாதும்மா.”

“சர்க்கரை இருக்குதா?”

“பார்த்ததில்லம்மா.”

பார்க்கச் சொல்லிச் சீட்டு எழுதிக்கொடுத்தார். பிறகு பார்த்ததில் சர்க்கரை இல்லை. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பாளா என்று என்னைக் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். அவர் சொன்னது இதுதான். ஈறு தானாக இறங்காது. பல்லில் காரை கட்டிக் கட்டி ஈறு வீங்கினால் இறங்கும். புகையிலை போட்டால் இறங்கும். சர்க்கரையைக் கவனிக்காமல் விட்டால் ஈறு புண்ணாகி இறங்கும். கெட்டி பிரஷ்ஷால் மரம் இழைக்கிற மாதிரி தேய்த்தால் இறங்கும். சிலருக்குப் பிறவியிலேயே ஈறு மெல்லியதாக, வெங்காயத் தோல் மாதிரி இருக்கும். பல் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்கமாக இருந்தால் அந்த இடத்தில் இன்னும் மெல்லியதாக இருக்கும். என் மனைவிக்கு ஈறும் மெல்லியது, கீழ்ப்பல்லும் நெருக்கம்.

“ஆனா அது மட்டும் இவ்வளவு பண்ணாதும்மா,” என்றார் டாக்டரம்மா. “கரித்தூளு, செங்கத்தூளு, சாம்பல், அந்த மாதிரி கரகரன்னு எதுனா வெச்சித் தேய்க்கிறீங்களா?”

என் மனைவி என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, “கடையில விக்கிற பொடிதாம்மா,” என்றாள்.

நான் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தேன். எனக்குப் புரிந்தும் புரியாமலும் இருந்தது. அப்போது டாக்டரம்மா கைக்கண்ணாடியை அவள் முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார்.

“பல்லுக்கு மேல கண்ணாடி மாதிரி கெட்டியா ஒரு பூச்சு இருக்குது. ஈறுக்குள்ள மறைஞ்சிருக்கிற வேருக்கு அது கெடையாது. ஈறு எறங்குனா வேரு வெளிய வந்துடும். அதான் கூசுது. அந்த எடத்துல எது பட்டாலும் தேஞ்சிடும். பாருங்க, இந்தக் கோட்டுக்குக் கீழ மஞ்சளா இருக்குதில்ல, அதெல்லாம் வேரு.”

யாருக்குப் புரிந்ததோ இல்லையோ, எனக்குப் புரிந்தது. கப்பைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் வட்டமாக ஒரு விளிம்பு இருக்கும். அங்கே மட்டும் நாங்கள் கிளேஸ் பூசமாட்டோம். பூசினால் சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். கறை ஊறுவது அந்த விளிம்பில்தான். உப்புத்தாள் பட்டால் உடனே தேய்வதும் அந்த விளிம்புதான். எனக்கு அது தினசரி வேலை. என் மனைவியின் வாயில் பதினாறு வருடமாக நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று அந்தக் கண்ணாடியில் தெரிந்துவிட்டது.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. டாக்டரம்மா பல்லைச் சுத்தம் செய்து, மெத்தென்ற பிரஷ்ஷும் பேஸ்டும் எழுதிக்கொடுத்து, கொஞ்ச நாள் கழித்து வரச்சொன்னார். பிரஷ்ஷை வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தோம்.

மறுநாள் காலையில் கிணற்றடியில் என் மனைவி என் டப்பாவைத் திறந்து, விரலில் பொடியைத் தொட்டுத் தேய்த்தாள். புதுப் பிரஷ் உறை பிரிக்காமல் ஜன்னல் ஓரத்தில் இருந்தது. நான் பார்த்தேன். நான் பார்ப்பதை அவளும் பார்த்தாள்.

அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கு அடுத்த நாளும். ஒரு வார்த்தை, ‘அதை வெச்சித் தேய்க்காத’ என்ற ஒரு வார்த்தை, தொண்டை வரைக்கும் வரும். அப்புறம் வேலைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிடுவேன். நானும் அதே பொடியால்தான் தேய்த்துக்கொண்டிருந்தேன். விட்டால் தப்பை ஒப்புக்கொண்டது மாதிரி ஆகிவிடுமே என்று பயம். ஒருவேளை டாக்டரம்மா சொன்ன மற்றக் காரணங்களில் ஏதாவது இருக்குமோ என்று மனது தேடிக்கொண்டே இருந்தது. அவள் ஈறுதான் மெல்லியதாயிற்றே, பொடி என்ன செய்யும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாள் எண்ணி வைத்திருக்கிறேன். நாற்பது நாள்.

நாற்பதாம் நாள் மறுபடியும் அதே மாடிக்குப் போனோம். மாசி மகம் நெருங்கிக்கொண்டிருந்தது. கோயிலைச் சுற்றிக் கடைகள் போட்டு, ஊரே ஜேஜே என்று இருந்தது. டாக்டரம்மா விளக்கை இழுத்துப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

“நான் குடுத்த பிரஷ்ஷுதான் போடுறீங்களாம்மா?”

“ஆமாம்மா.”

டாக்டரம்மா ஒரு கொக்கி மாதிரிக் கருவியால் ஈறு ஓரத்தில் லேசாக வழித்தார். வழித்ததைப் பஞ்சில் தடவி, விளக்குக்கு நேராகப் பிடித்தார். வெள்ளையாக ஏதோ மின்னியது. உறை போட்ட இரண்டு விரலால் நசுக்கிப் பார்த்தார்.

“இது என்னா? மணலு மாதிரி இருக்குதே.”

என் மனைவி வாயைத் திறந்தபடியே கண்ணை மூடிக்கொண்டாள். அவள் கண் ஓரத்திலிருந்து தண்ணீர் காதுப் பக்கமாக இறங்கியது. அதைப் பார்த்த பிறகும் சும்மா நிற்க என்னால் முடியவில்லை.

“அது கப்புங்க,” என்றேன்.

டாக்டரம்மா திரும்பிப் பார்த்தார். “கப்பா?”

“ஆமாங்க. டீ குடிக்கிற கப்பு. ஒடைஞ்சது. நான்தான் இடிச்சிக் குடுத்தேன்.”

“எத்தினி வருசமா?”

“பதினாறு வருசமாங்க.”

“நீங்களும் அதான் போடுறீங்களா?”

“ஆமாங்க.”

“வேற யாருக்குனா குடுத்திருக்கீங்களா?”

ஒவ்வொரு வீடாகக் கண்முன் வந்தது. “இருபத்தேழு வூடுங்க,” என்றேன்.

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் என்னையும் அந்த நாற்காலியில் உட்காரச் சொல்லிப் பார்த்தார். என் பல்லில் ஈறு ஓரமாக, ஈரக் களிமண்ணில் நகம் பதித்தது போல வரிசையாகப் பள்ளம் விழுந்திருப்பதைக் கண்ணாடியில் காட்டினார். எனக்கு ஈறு தடிப்பு, பல்லும் வரிசை, அதனால் தாங்கியிருக்கிறது என்றார். ஒரே பொடி, ஒரே வீடு. எனக்குப் பள்ளத்தோடு போயிற்று. அவளுக்குப் பல் போகப் போகிறது.

“போன ஈறு மறுபடியும் தானா வளராது,” என்றார் டாக்டரம்மா. “இனிமே எறங்காம பாத்துக்கலாம். ஒரு பல்லுக்குப் பக்கத்துப் பல்லோட சேர்த்துக் கம்பி கட்டிப் பார்க்கிறேன். இன்னொண்ணு நிக்கிறது கஷ்டம். அந்த இருபத்தேழு வூட்டுக்கும் சொல்லிடுங்க. சீக்கிரம் சொல்லுங்க.”

திரும்பி வரும்போது ரயில்வே கேட் மூடியிருந்தது. ஒரு சரக்கு ரயில் போய்க்கொண்டே இருந்தது. அந்தச் சத்தத்தில்தான் என் மனைவியிடம் கேட்டேன், “ஏன் பொய் சொன்ன?” என்று.

அவள் ரயிலைப் பார்த்தபடியே சொன்னாள். “ஊரு உங்களை நிறுத்திப் பேசுறது அது ஒண்ணுக்குத்தான். நான் போயி அதைக் கெடுக்கணுமா?”

ரயில் போய்விட்டது, கேட்டும் திறந்துவிட்டது. பின்னால் நின்ற ஆட்டோக்காரர் ஹாரன் அடித்த பிறகுதான் நடந்தேன்.

அடுத்த நாளே கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு ஒரு துணிப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். முதல் வீடு கிளேஸ் அண்ணன் வீடு. விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

“குடுத்த பொருளைத் திருப்பிக் கேக்குற மொத ஆளு நீதாய்யா. எம் பல்லைப் பாரு, மாசி மகத்துக்கு வெள்ளையடிச்ச மாதிரி இருக்குது. போய் வேலையைப் பாருய்யா.”

எனக்கு எதிர்த்துப் பேச வராது. வேறு வழி தெரியாமல், வெளிச்சம் விழுகிற பக்கம் திரும்பி, இரண்டு விரலால் என் கீழ் உதட்டை இழுத்துப் பிடித்துப் பல்லைக் காட்டினேன். அண்ணன் சிரித்துக்கொண்டே கிட்டே வந்து குனிந்தார். பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. உள்ளே போய்க் கண்ணாடி முன்னால் நின்று அவரும் உதட்டை இழுத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் அங்கேயே நின்றார். பிறகு டப்பாவைக் கொண்டுவந்து பையில் போட்டார்.

அதிலிருந்து இரண்டு நாள் ஒவ்வொரு வாசலிலும் அதையே செய்தேன். கூட்டத்தில் தலைநிமிராத நான், வீட்டுக்கு வீடு உதட்டை இழுத்துக் காட்டிக்கொண்டு போனேன். சிலர் பதறினார்கள். சிலர் கோபப்பட்டார்கள். “தெரியாமத்தான் ஊருக்கெல்லாம் குடுத்தியா?” என்று ஒரு வீட்டில் கேட்டார்கள். டப்பாவை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். ஒரு வீட்டுப் பெரியம்மா மட்டும் டப்பாவைத் தரவே மாட்டேன் என்றுவிட்டார்.

“அதைப் போயி யாரு பல்லுல வெச்சா? நான் குத்துவெளக்குத்தான் தொலக்குறேன். நீ இதைத் தூக்கிட்டுப் போனா எங்க சாமி எப்பிடிப் பளபளன்னு இருக்கும்?”

அந்த இரண்டு நாளில் நான் சிரித்தது அங்கே ஒரு தடவைதான். அந்த டப்பாவை அவரிடமே விட்டுவிட்டேன்.

கடைசியாகச் சேத்தியாத்தோப்பு மிச்சம். அங்கே என் மனைவியின் தங்கை இருக்கிறாள். நெல் வயலும் மாடும் உள்ள வீடு. எப்போதும் பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு வந்து, வருடத்துக்கு வேண்டிய பொடியையும் வாங்கிப் போகிறவள், அந்த வருடம் வரவில்லை. அறுவடை என்று சொல்லி அனுப்பியிருந்தாள். அக்காவுக்கும் தங்கைக்கும் முகச்சாடை ஒன்று. பல்வரிசையும் அப்படியே ஒன்று, அதே நெருக்கம். பஸ்ஸில் போகும்போது என் மனைவி அதை எடுத்துச் சொன்னாள்.

பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தோம். தங்கை வாசலில் காயப்போட்ட நெல்லைக் கட்டையால் துழாவிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டு ஓடிவந்தாள்.

“வாங்க மாமா, வாக்கா. பொடி தீந்தே போச்சு மாமா. கொண்டாந்தீங்களா?”

என் மனைவி அவள் முந்தானையைப் பிடித்து விலக்கினாள். கீழே முன்பல் இரண்டும் இல்லை. போன வருடமே ஆடி ஆடி, கடைசியில் பிடுங்கிவிட்டார்களாம். பிள்ளை பெற்ற உடம்பு, அப்படித்தான் என்று யாரோ சொன்னார்களாம். எங்களிடம் காட்ட வெட்கப்பட்டுப் பொங்கலுக்கு வராமல் இருந்திருக்கிறாள். மிச்சப் பல்லாவது நிற்கட்டும் என்று அதற்கப்புறம் ஒரு வேளைக்கு இரண்டு வேளையாக என் பொடியைத் தேய்த்திருக்கிறாள்.

நான் நின்றுகொண்டேதான் சொன்னேன். உட்காரச் சொன்னாள், உட்காரவில்லை. கப்பு, உரல், டாக்டரம்மா, இருபத்தேழு வீடு எல்லாம் சொன்னேன். அவள் கையில் இருந்த துழாவுகட்டை அப்படியே இருந்தது. அழவில்லை. ஏசவில்லை. முழுதும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அப்ப எம்பொண்ணு, மாமா? அவளும் இதைத்தானே தேய்க்கிறா?”

அவளுக்கு ஒரே பெண். அப்போது பதினைந்து வயது. மாட்டுக்குத் தண்ணி வைத்துக்கொண்டிருந்தவளை அம்மா கூப்பிட்டாள். வெயிலில் நிறுத்தி, தாடையைப் பிடித்து, அக்காளும் தங்கையும் ஆளுக்கொரு பக்கம் குனிந்து பார்த்தார்கள். அந்தப் பெண் என்னவென்று தெரியாமல், “கூசுது பெரியம்மா, காத்து பட்டா கூசுது,” என்றாள். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் வாழ்நாளில் அவ்வளவு நேரம் நான் எதற்கும் காத்திருந்ததில்லை.

பிறகு என் மனைவிதான் சொன்னாள். “லேசாத்தான் எறங்கியிருக்குதுங்க. ஒண்ணும் ஆடல.”

அடுத்த திங்கட்கிழமை அந்தப் பெண்ணை அழைத்துவரச் சொல்லி நானே டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன். பார்த்துவிட்டு, “நல்ல வேளை, இப்ப வந்தீங்க,” என்றார். பொடியை நிறுத்தி, மெத்தென்ற பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்து, ஆறு மாதத்துக்கு ஒரு முறை காட்டினால் இதற்குமேல் இறங்காமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். இன்றைக்கு வரைக்கும் அப்படியே நிற்கிறது. அந்தப் பெண் இப்போது கடலூரில் படிக்கிறாள்.

திருப்பி வாங்கிய டப்பாக்களை எங்கே கொட்டுவது என்று தெரியவில்லை. தெருவில் கொட்ட மனம் வரவில்லை. கடைசியில் கம்பெனிக்கே கொண்டுபோய், உடைந்த சாமானைப் போட்டு அரைக்கிற மில்லில் கொட்டிவிட்டேன். அரைத்த தூள் மறுபடியும் களிமண்ணோடு சேரும். எங்கேயோ ஒரு டீக்கடையில் கப்பாக இருக்கும். கப்பாகவே இருக்கட்டும்.

கிளேஸ் அண்ணன் வெகு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. இப்போது பேசுகிறார். அவருக்குச் சர்க்கரை இருந்தது அப்போது டாக்டரம்மாவிடம் போன பிறகுதான் தெரியவந்தது. அதற்காக எனக்கு நன்றி சொன்னார். அந்த நன்றியை வாங்கிக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருந்தது. பல்லு வைத்தியரே என்று இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. தெருவில் பழையபடி தலையைக் குனிந்துதான் போகிறேன்.

என் மனைவிக்கு ஒரு பல் கம்பியில் நிற்கிறது. இன்னொரு பல் அந்த வருடம் பங்குனியில் விழுந்தது. கட்டுப்பல் வைத்துக்கொள்ளச் சொன்னேன், வேண்டாம் என்றுவிட்டாள். நேற்று மாசி மகத்துக்கு மணிமுத்தாற்றங்கரையில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றோம். அவள் தங்கையும் வந்திருந்தாள். என்னவோ சொல்லி இரண்டு பேரும் சிரித்தார்கள். தங்கை பழக்கத்தில் முந்தானையை எடுத்து மூடினாள். என் மனைவி மூடவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே சிரித்தாள். வீட்டுக்கு வந்ததும் தாளை எடுத்து எழுத உட்கார்ந்துவிட்டேன்.

பதினாறு வருடம் நான் செய்தது தெரியாமல் செய்தது. அதை நினைத்தால் வருத்தம் இருக்கிறது, ஆனாலும் தூக்கம் வருகிறது. தெரிந்த பிறகு, தினமும் காலையில் அவள் பொடியைத் தொடுவதைப் பார்த்துக்கொண்டு வாயை மூடி நின்ற நாற்பது நாள்தான் என்னை விடமாட்டேன் என்கிறது. முதல் நாளே சொல்லியிருந்தால் அந்த இன்னொரு பல்லும் நின்றிருக்குமா என்று டாக்டரம்மாவிடம் கேட்க ஒவ்வொரு தடவையும் நினைப்பேன். என்ன பதில் வருமோ என்று பயந்து, இன்றுவரை கேட்காமலேயே திரும்பி வந்துகொண்டிருக்கிறேன்.

எழுதி முடித்தது: மாசி மகத்துக்கு மறுநாள், புதன்கிழமை.